மணப்பாட்டு ஆமைக்கறி

போர்க்காலம் அல்லவா, பெட்ரோல் கிடையாது. தூத்துக்குடியில் காலை ஆறு மணிக்கு நான் ஏறியது கரி எரித்து ஓடுகிற பஸ். மணப்பாட்டுக்கு முப்பத்தைந்து மைல், டிக்கெட் பன்னிரண்டு அணா. ஆத்தூர்ப் பாலம் வருவதற்குள் இரண்டு தடவை இறங்கித் தள்ளினோம்.

"காசும் குடுத்து வண்டியும் தள்ளணுமா அண்ணாச்சி?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"தள்ளாதவுகளுக்கும் அதே பன்னெண்டணாதான்" என்றார். நல்ல மனுஷன்.

பத்தரைக்கு மணப்பாடு. தோணியை நடத்தும் தண்டலான என் சிநேகிதர் சில்வேஸ்டரின் மகளுக்கு அன்று கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை. பெரியதாழையிலிருந்து உறவுக்காரர் இருபத்தெட்டுப் பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஆமைக்கறி விருந்து. சொல்வதற்கென்ன, நானும் அதற்காகத்தான் போனேன்.

பின்கட்டில் குசினிக்குள் நுழைந்தால் அடுப்பு எரியவில்லை. சில்வேஸ்டரின் மனைவி ரோசம்மாள் கறிச்சட்டியை மூடி வைத்துவிட்டு மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். மதில்மேல் ஒரு துண்டு ஈரல். இந்தக் கரையில் ஆமை வாங்கினால் முதல் துண்டு காக்கைக்கு. காக்கை தொடாவிட்டால் விஷம் என்று கணக்கு. ஒரு மணி நேரமாக ஒரு காக்கையும் இறங்கவில்லையாம்.

"வியாபாரி பேராமைன்னு சத்தியம் பண்ணித்தானே குடுத்தான், ஏளா!" என்றார் சில்வேஸ்டர்.

பேராமை இங்கே எல்லோரும் சாப்பிடுவது. அழுங்காமை என்று ஒன்று உண்டு. அதன் ஓட்டில் சீப்புச் செய்வார்கள், கறியோ சில சமயம் ஆளையே கொன்றுவிடும்.

"வாத்தியாரே, காலேஜ்ல இதத்தான சொல்லிக் குடுக்கீரு? பாத்துச் சொல்லும்" என்றார் சில்வேஸ்டர் என்னிடம். நான் விலங்கியல் வாத்தியார்.

பார்த்தேன். கறி கறியாகத்தான் இருந்தது. எனக்கு வேர்த்துவிட்டது. இத்தனை வருஷமும் இந்த இரண்டையும் நான் தலையை வைத்துத்தான் பிரித்திருக்கிறேன். மூக்குக்கு மேலே, கண்களுக்கு நடுவே, ஒரு ஜோடிச் செதில் இருந்தால் பேராமை. இரண்டு ஜோடி இருந்தால் அழுங்காமை.

"தலை எங்கே?"

"அறுத்த எடத்துல, கடக்கரையில கெடக்கும்."

பதினொன்றேகாலுக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஓடினோம். வியாபாரி ஓட்டை எடுத்துக்கொண்டு எப்போதோ போய்விட்டான். நாய் ஒன்று தலையை இழுத்துக்கொண்டிருந்தது. பிடுங்கித் துடைத்து எண்ணினேன். ஒரு ஜோடி. பேராமை! சில்வேஸ்டர் என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கும் கால் தரையில் பாவவில்லை.

பத்தடி தள்ளி இன்னொரு தலை கிடந்தது. இரண்டு ஜோடி. அழுங்காமைக்கே உரிய கிளிமூக்கு வேறு.

பாவி, இரண்டு ஆமை அறுத்திருக்கிறான். எங்கள் சட்டிக்கு வந்தது எது?

திரும்பி வந்து உள்ளதைச் சொன்னேன். "தங்கச்சி, எனக்குத் தெரியல." ஊரில் வகுப்பறையில் ஒருநாளும் என் வாயில் வராத வார்த்தை. ரோசம்மாள் சட்டியைத் தூக்கிப்போய், மணலில் ஆழக் குழி வெட்டிக் கொட்டி மூடினார். சில்வேஸ்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஒரு மணிக்கு இருபத்தெட்டுப் பேருக்கும் கருவாட்டுக் குழம்பு. "ஆமை நீந்திப் போயிட்டாக்கும், மச்சான்?" என்று ஒருவர் கேட்க, பந்தியே சிரித்தது. சில்வேஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலில் நிமிர்ந்தேன். அடுத்த வீட்டுக் கூரையில், காயப்போட்ட மீனுக்குக் காவலாக, செத்த காக்கை ஒன்று கம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அது தொங்கும்போது எந்தக் காக்கை கிட்டே வரும்?

சில்வேஸ்டரும் பார்த்துவிட்டார். "ஏளா, இங்கன வந்து பாரு! அம்புட்டும் நல்ல கறியால்லா இருந்திருக்கும்!"

ரோசம்மாள் வந்து கூரையைப் பார்த்தார். பிறகு, பெரியதாழைக்குச் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பிப் போகிற உறவுக்காரர்களைப் பார்த்தார்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார். "வந்தவுக அத்தன பேரும் நடந்துல்லா போறாவ."