நாலாவது மூலை

நைனார்பாளையத்துச் சுப்புராயனுக்கு அறுபத்தெட்டு வயசு. அந்த வட்டாரத்தில் யார் கிணறு வெட்டினாலும், போர் போட்டாலும் ஒரு நடை அவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் இருக்க மாட்டார்கள். காசு வாங்க மாட்டார். புகழ்ந்தால் மட்டும் வாங்கிக்கொள்வார். அதனால் சர்ச் தெரு வியாகுலம் வந்து, கல்வராயன் மலையடிவாரத்தில் நீச்சல் குளத்தோடு ஒரு வீடு விலைக்கு வருகிறது, அட்வான்ஸ் கொடுக்கும் முன் தண்ணீர் நிலவரம் பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டதும், மனுஷர் கெத்தாகக் காரில் ஏறி உட்கார்ந்தார். வெட்கம் அப்போதே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வியாகுலம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் ஏஞ்சலின் வெளிநாட்டில் நர்ஸ், பணம் அவளுடையது. சென்னைக்காரர் ஒருவர் ஆசை ஆசையாகக் கட்டிவிட்டு, வந்து தங்க நேரமில்லாமல் விற்கிற வீடு அது. சுப்புராயன் மோட்டாரைப் போடச் சொன்னார். போர்த் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தார். "தண்ணிக்குக் கொறையில்ல வாத்தியாரே" என்றார். வீட்டுக்குப் பின்னால் நீலமாகக் கிடந்த குளத்தைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ரிட்டயராகி இன்னாத்துக்கு இதெல்லாம்? ஒனக்கு நீச்ச தெரியுமா?"

வாத்தியாரே என்று கூப்பிட்டாலும் 'ஒனக்கு' தானாக வந்துவிடும் அவருக்கு.

"தெரியாதுங்க. பன்னண்டு வயசுல உங்க கெணத்துல கத்துக்கினு இருந்தேன். பாதியில நின்னுபோச்சு."

வியாகுலம் பேண்ட் காலைச் சுருட்டிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே விரல் நீளத்துக்குப் பள்ளமாக ஒரு தழும்பு.

சுப்புராயன் குனிந்து பார்த்தார். சர்ச் தெருப் பையன்கள் மத்தியானத்தில் வந்து குதிக்கிறார்கள் என்று, கருவேல முள்ளை வெட்டிக் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கியவர் அவர்தான். அப்போது இருபது வயசு. யாரும் சொல்லிச் செய்யவில்லை. தன் தெருப் பையன்களுக்கு மட்டும், எந்த மூலையில் முள் இல்லை என்று காதோடு சொல்லி வைத்திருந்தார். ஒரு பையனை ரத்தத்தோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று கேள்விப்பட்டு டீக்கடையில் சிரித்தது இப்போது ஞாபகம் வந்தது. எந்தப் பையன் என்று அன்றைக்குக் கேட்கக்கூட இல்லை. இத்தனை வருஷமும் இருவரும் ஒரே டவுன் பஸ்ஸில்தான் போய்வந்தார்கள். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

"நீங்க மொதல்ல எறங்கிப் பாருங்க" என்றார் வியாகுலம். குரலில் குத்தல் எதுவும் இல்லை.

சுப்புராயன் சட்டையைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார். வழவழவென்று ஓடு பதித்த தரை. முள் கிடக்க வழியே இல்லை என்று அவருக்குத் தெரியாதா? இருந்தும் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்குப் பாதத்தால் துழாவித் துழாவி நடந்தார். நாலாவது மூலையில் தண்ணீர் மார்புக்கு வந்தது. அங்கேயே சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"அந்த முள்ள வெட்டிப் போட்டது நான்தாங்க."

"தெரியும்ங்க. அதான் வேற யாரையும் கூட்டியாரல."

சுப்புராயனால் திரும்ப முடியவில்லை. பின்னால் ஏணி லேசாக ஆடியது. எந்தப் பக்கம் இறங்கலாம் என்று கேட்காமலே வியாகுலம் தண்ணீரில் காலை வைத்தார்.