ஒன்பதாவது விஷயம்

அந்தத் தொடக்கப்பள்ளியில் அவளுக்கு நோட்டீஸ் அக்கா என்றுதான் பெயர். ஆபீஸ் கிளார்க் வேலை. பீஸ் கட்ட வருபவர்களும், மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருபவர்களும், பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக ஓடிவருபவர்களும் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை ஒரு மஞ்சள் தாள் பிள்ளைகளின் பைக்குள் போகும். அதில் ஒன்பது விஷயங்கள் இருக்கும். தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுதுங்கள். நகம் வெட்டி அனுப்புங்கள். பேன் பாருங்கள். நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள். கேட்டுக்கு எதிரே வண்டி நிறுத்தாதீர்கள். காணாமல்போன ஸ்வெட்டர்கள் ஆபீஸ் பெட்டியில் உள்ளன. இப்படியே எட்டு வரை போகும். ஒன்பதாவது மட்டும் அந்த மாதத்துப் புதுச் செய்தி. எட்டையும் அவள் ஒருமுறை அழகாக அடித்து வைத்துவிட்டாள். பிறகு மாதாமாதம் தேதியை மட்டும் மாற்றுவாள். புதியது எப்போதும் கடைசியில்தான் வரவேண்டும் என்பது அவளே போட்ட சட்டம். பத்தொன்பது வருடமாக அந்தச் சட்டத்தை அவள் மீறவில்லை. யாரும் மீறச் சொல்லவுமில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை தேதி மாற்றும் அவசரத்தில், "பிப்ரவரி 30 அன்று வகுப்புப் புகைப்படம் எடுக்கப்படும்" என்று அடித்துவிட்டாள். நூறு வீடுகளுக்கு மேல் அந்தத் தாள் போனது. அந்தத் தேதியே கிடையாதே என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட, கேட்கவில்லை. அவளே பத்து நாள் கழித்துக் கண்டுபிடித்து விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கப்புறம் புது டீச்சர் யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைப்பாள். சிரிக்கிற விஷயமா அது? அன்றைக்கே அவள் பயந்திருக்க வேண்டும். புத்தி எப்போதும் பின்னால்தான் வருகிறது.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், பெரிய சாலைக்கு அந்தப்பக்கம் இருக்கிற பள்ளியோடு இதைச் சேர்த்துவிடலாமா என்று யோசிக்கிறார்களாம். அடுத்த வருடமும் பிள்ளையை இங்கேயே படிக்கவைப்போம் என்று பாதிக் குடும்பங்களுக்கு மேல் இருபதாம் தேதிக்குள் எழுதிக் கொடுத்தால் பள்ளி இருக்கும். இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள். பெற்றோர் தாங்களாகவே எழுதிப் பூட்டிய பெட்டியில் போடவேண்டும். பள்ளி ஆட்கள் யாரையும் வற்புறுத்தக்கூடாது. பெட்டியை அதிகாரி வந்துதான் திறப்பார்.

"நோட்டீஸ்ல போட்டுடுங்க. எல்லாருக்கும் போயிடும்" என்றார் தலைமை ஆசிரியை.

"வேற கலர் பேப்பர்ல தனியா அடிக்கட்டுமா மேடம்?"

"வேணாம், பதறிப்போயிடுவாங்க. எப்பவும் போல இருக்கட்டும்."

எப்பவும் போல. அவள் அதை ஒன்பதாவதாகப் போட்டாள். முதலில் போட்டிருக்கலாம். விரல் எட்டாவதைத் தாண்டிக் கீழே போய்த்தான் நின்றது. தாளின் அடியில் வெட்டித் தருவதற்கு ஒரு சீட்டும் வைத்தாள், புள்ளிக்கோடு போட்டு, பக்கத்தில் குட்டியாக ஒரு கத்தரிக்கோல் படத்தோடு. அந்தப் படத்துக்கு மட்டும் அரைமணி நேரம் செலவழித்தாள்.

வீட்டில் மாடி அறை அவளுடையது, கீழே தங்கை குடும்பம். தங்கை மகள் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. காலையில் பெரியம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் குட்டி பள்ளிக்கு வரும். வழியெல்லாம் கேள்வி. அவளுக்கென்று ஒரு நாளில் இருந்த நல்ல நேரம் அந்தப் பதினைந்து நிமிடம்தான். பள்ளி போனால் வேலை எங்கேயாவது மாற்றிக் கொடுப்பார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தை யார் மாற்றிக் கொடுப்பார்கள்?

ஆனாலும் சட்டம் சட்டம்தான். ஆபீஸ் பென்சிலைக்கூட வீட்டுக்கு எடுத்துவராதவள் அவள். பள்ளி ஆட்கள் வற்புறுத்தக்கூடாது என்றால் தங்கையையும் வற்புறுத்தக்கூடாது. ஒருநாள் சாப்பிடும்போது மட்டும் கேட்டாள்.

"நோட்டீஸ் பார்த்தியா?"

"ம், பார்த்தேன்க்கா" என்றாள் தங்கை.

அது போதும் என்று நிம்மதியாகக் கையைக் கழுவிக்கொண்டாள்.

இருபதாம் தேதி சாயங்காலம் அதிகாரி வந்து பெட்டியைத் திறந்தார். மொத்தம் நூற்று நான்கு குடும்பங்கள். மேஜையில் கொட்டிய சீட்டுகள் முப்பத்தெட்டு. தலைமை ஆசிரியை இரண்டுதரம் எண்ணினார். இவள் எண்ணவில்லை. ஒவ்வொரு சீட்டிலும் பெயரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். முப்பத்தெட்டிலும் தங்கை பெயர் இல்லை.

அந்த ஒரு சீட்டு இருந்திருந்தாலும் பள்ளி பிழைத்திருக்காது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன, வீட்டுக்கு நடந்துபோகையில் அந்த முப்பத்தெட்டுப் பெயரையும் மறுபடி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

தங்கை அடுப்படியில் இருந்தாள். "பார்த்தேன்னு சொன்னியே" என்றாள் இவள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"எதை?"

"நோட்டீஸை."

"பார்த்தேனே. பாட்டில்ல பேரு, நகம், பேன். நீ மாசாமாசம் போடறதுதானே? எனக்கு அது மனப்பாடம்க்கா." தங்கை சிரித்தாள். "ஏன், என்ன ஆச்சு?"

இவள் அலமாரித் தட்டில் மஞ்சளாக விரித்திருந்ததைப் பார்த்துவிட்டாள். எண்ணெய் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தாள். பாட்டில் நின்ற இடத்தில் வட்டமாக எண்ணெய் ஊறியிருந்தது. அந்த வட்டத்துக்குள் ஒன்பதாவது விஷயம். அதன் கீழே வெட்டாத புள்ளிக்கோடும் கத்தரிக்கோலும்.

தங்கை எட்டிப் பார்த்துப் படித்தாள். படிக்கப் படிக்க முகம் வெளுத்துப்போனது.

"ஐயோ, இவ்ளோ பெரிய விஷயத்தை இதுலயா போடுவாங்க?"

பத்தொன்பது வருடத்தில் அந்தத் தாளைப் பற்றி ஒரு ஆள் உண்மையாகச் சொன்ன முதல் கருத்து அதுதான்.

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேக்கா. ஒரே வீட்லதானே இருக்கோம். ஒரு வார்த்தை சொன்னா கையெழுத்துப் போட்டுத் தரமாட்டேனா?"

"கேட்டேனே. நோட்டீஸ் பார்த்தியான்னு கேட்டேனே."

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். இவள் பாலே ஊற்றவில்லை. தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பழக்கிவிட்டு, ஒருநாள் மருந்தை ஊற்றினாள். யார் குடித்துப் பார்ப்பார்கள்? மற்றவர்களைக் குறை சொல்லி அழுதால் மனசு ஆறும். அவளுக்கு அந்த ஆறுதலும் இல்லாமல் போனது. நூற்று நான்கு வீடுகளுக்கும் படிக்காமல் இருக்கச் சொல்லிக்கொடுத்தவள் அவளேதான்.

கடைசி மாதத்துத் தாளில் ஒரே ஒரு விஷயத்தை அடித்தாள். பள்ளி மூடப்படுகிறது, பிள்ளைகளின் சான்றிதழ்களை ஆபீசில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில், முதல் வரியில். எட்டு விஷயமும் இல்லாமல் தாள் மொட்டையாகக் கிடந்தது.

மறுநாள் காலையில் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வந்த குட்டி கேட்டது.

"பெரியம்மா, இந்த மாசம் பாட்டில்ல பேர் எழுத வேணாமா? நகம் வெட்ட வேணாமா?"

"நீ படிச்சியா?"

"எப்பவும் நான்தான் படிப்பேன். ஒன்பதையும். போன மாசம் ஒன்பதாவது பெருசா இருந்துச்சு, புரியல. அம்மாகிட்ட கேட்டேன். பெரியம்மா எழுதினதுதானே, ஒண்ணும் இருக்காது, போய்த் தூங்குன்னாங்க."

பள்ளி கேட் வந்துவிட்டது. அவள் விரலை விடவில்லை.