பிரியந்தி போட்ட கொழுந்து

என் மருமகள் பிரியந்திக்குக் கொழுந்து பறிக்க வராது. வலப்பனைப் பக்கத்திலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லோரும் அவரவர் செடி நிரையை முடித்து மேலே ஏறிவிடுவார்கள். இவள் நடுவில் நின்று ஒரே செடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்னாடி, அதுகூட பேசிக்கிட்டு நிக்கிற?"

"இந்த எலை ஓரம் எப்புடி வளையுது பாருங்க அத்தே."

கங்காணி திட்டுவார், நானும் திட்டுவேன். அவள் சிரித்துக்கொண்டே காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிப் போடுவாள்.

பிறகு கொட்டகலையில் கம்பியூட்டர் படித்தாள். ஹட்டன் பஜாரில் அன்ஸார் நானாவின் பிரிண்ட் கடையில் வேலை கிடைத்தது. பேனர், கலியாணக் கார்டு, மரண அறிவித்தல் எல்லாம் அங்கே அடிப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்து செய்வதெல்லாம் ஒரு வேலையா என்று நான் சண்டை போட்டேன். என் மகன் கொழும்பில் கடையில் நிற்கிறவன், பொண்டாட்டி பக்கம்தான் பேசினான். இன்றைக்கும் அது எனக்கு வேலையாகத் தெரியவில்லை. ஆனால் அவள் வீட்டுக்கு வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு சுருண்டு படுப்பதைப் பார்த்தால், இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொடுக்காமல் இருக்க என்னால் முடியாது.

அவள் வேலையை எழுத்துப் படிக்காத எனக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லியிருக்கிறாள். ஃபோனில் வருகிற படமெல்லாம் பொடிப் பொடிக் கட்டங்களாம். சின்னதாக இருக்கும்வரை அழகு. பேனர் அளவுக்கு இழுத்தால் சாக்குத்துணி மாதிரி கட்டம் கட்டமாக உடைந்துபோகும். அதனால் இவள் அந்தப் படத்தின் மேலேயே கோடு போட்டு மறுபடி வரைகிறாள். அந்தக் கோடு, வழி சொல்வது மாதிரி. கோயில் முடக்கிலிருந்து தண்ணீர்ப் பீலிவரைக்கும் வளைந்து போ, அங்கேயிருந்து நேரே மேலே ஏறு என்று கம்பியூட்டருக்குச் சொல்லி வைப்பது. சொல்லி வைத்துவிட்டால், நகத்தளவு போட்டாலும் சுவரளவு போட்டாலும் ஓரம் உடையாது. வெக்டர் என்கிறார்கள்.

போன வருஷத்து மழையில் எங்கள் தோட்டத்து மேட்டு லயத்தின்மேல் மண் இறங்கியது. அங்கே இருந்த நாகலெட்சுமி முன்பே கோயில் மண்டபத்துக்கு வந்துவிட்டாள். சாமான் எடுக்கத் திரும்பிப் போன அவள் மகன் கிஷாந்த் வரவில்லை.

மேக்கணக்குப் பையன்களைச் சேர்த்து வாலிபால் கிளப் ஆரம்பித்தவன் அவன். கணக்கு என்றால் எங்கள் பேச்சில் தோட்டத்தின் ஒரு பிரிவு. கிளப்பின் லோகோவையும் அவன்தான் வரைந்தான். வரைந்த தாள் மண்ணுக்குள் போயிற்று, அவனுடைய ஃபோனும் போயிற்று. கிளப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் வட்டமாகத் தெரியுமே, அந்தக் குட்டிப் படம் ஒன்றுதான் மிச்சம்.

வருஷம் திரும்பும்போது அவன் பேரில் போட்டி வைக்க நினைத்தார்கள். கிஷாந்தின் கூட்டாளி பிரதாப் ஃபோனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான்.

"அக்கா, ஆடுற ஜேசிச் சட்டைக்கும் பேனருக்கும் இத நல்லாக்கித் தாங்க. தோக்குறதா இருந்தாலும் நல்ல ஜேசியில தோக்கணும்ல."

மலை தெரிந்தது, அதன்மேல் பந்து தெரிந்தது, வளைவாக எழுதிய மேக்கணக்கு என்ற பேர் தெரிந்தது. பேருக்குக் கீழே பச்சையும் கறுப்புமாக ஒரு சின்னத் தீற்று. பெரிதாக்கிப் பார்த்தால் வெறும் கட்டம்.

"இது என்னா பிரதாப்?"

"கொழுந்துதானேக்கா. வேற என்னா இருக்கப் போவுது?"

அன்ஸார் நானாவும் எட்டிப் பார்த்தார். "தோட்டத்து லோகோண்டா கொழுந்துதான் புள்ள. யோசிக்காம போடுங்க."

எங்கள் பக்கத்தில் சங்கத்துக் கொடி, பள்ளிக்கூடத்துச் சின்னம், பேக்கரிப் பை என்று எதை எடுத்தாலும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் இருக்கும். பிரியந்தியின் கை தானாகவே வளைந்தது. அழகான கொழுந்து. கொழும்பில் ஜேசி அடிக்கிறவர்களுக்கு அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

ஜேசி வந்த அன்று மைதானத்துக்குப் பிரியந்தியோடு நானும் போயிருந்தேன். முதல் ஜேசியைப் பிரதாப் நாகலெட்சுமியின் கையில் கொடுத்தான். அவள் மலையைத் தடவினாள், பந்தைத் தடவினாள். கீழே வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"இது என்னாப்பா?"

"கொழுந்தும்மா."

"எம்மகன் கொழுந்து போட மாட்டானே."

அவளே சொன்னாள்.

"வரையும்போது நான்தான் சொன்னேன், ஒரு கொழுந்து வையுடான்னு. 'கொம்பனிக்காரனும் போட்டுட்டான், சங்கத்துக்காரனும் போட்டுட்டான், பணிஸ் சுத்துற பையிலகூட போட்டுட்டான். நம்ம நெஞ்சுல வேணாம்மா'ன்னு சிரிச்சான்."

"அப்ப அது என்னாங்கம்மா?" என்று பிரியந்தி கேட்டாள். அவள் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"தெரியலையே தங்கச்சி. நான் உத்துப் பாக்கலையே. அவன் இருக்கான்னு இருந்துட்டேன்."

பேனர் இன்னும் அடிக்கவில்லை. அதையாவது சரியாகப் போட வேண்டும் என்று பிரியந்தி தவித்தாள். கிளப் பையன்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டாள். ஒருவன் விசில் என்றான். ஒருவன் கிஷாந்த் வளர்த்த நாய் என்றான். ஒன்றுமே இல்லை, தாளில் தேத்தண்ணி சிந்தியிருக்கும் என்றான் இன்னொருவன். நாகலெட்சுமியும் எங்கள் வாசலுக்கு வந்து, "குருவியா இருக்குமோ?" என்பாள். மறுபடி வந்து, "இல்ல, அவங்கப்பா தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்தியா இருக்குமோ?" என்பாள்.

"தெரியாட்டி விட்டுத் தொலையேன்டி. அந்த எடத்த சும்மா வையி" என்றேன் நான்.

"சும்மா வச்சா அவன் அங்க ஒண்ணுமே போடலேன்னு ஆயிரும் அத்தே. அந்தக் கட்டத்துக்கு ஒண்ணும் தெரியாட்டி மங்கலா இருந்துக்கும். கோடு போட்டா அப்புடி இருக்க ஏலாது. எங்கயாவது வளைஞ்சே ஆகணும். நான் எங்க வளைக்கட்டும்?"

மருமகளிடம் வாயடைத்து நிற்கிற மாமியார் நான் இல்லை, ஊருக்கே தெரியும். ஆனாலும் நின்றேன்.

கடைசிவரை என்னவென்று தெரியாததால், பேனரில் அந்த இடம் வெறுமையாகவே போயிற்று. வேறு உடுப்பு இல்லாததால் பையன்கள் கொழுந்து ஜேசியோடே ஆடினார்கள், தோற்றார்கள். நாகலெட்சுமி மைதானத்துக்கு வரவில்லை. போட்டி முடிந்ததும் யாரோ, நல்ல எண்ணத்தில்தான், குரூப்பில் இருந்த பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதிய படத்தை வைத்தார்கள். கொழுந்து போட்டது.

இப்போது யார் மங்கல் படம் கொண்டுவந்தாலும் பிரியந்தி, "இத வரைஞ்சவங்க இருக்காங்களா?" என்று முதலில் கேட்கிறாளாம். ஆட்கள் முழிக்கிறார்கள். அன்ஸார் நானா தலையில் அடித்துக்கொள்கிறார்: "யா அல்லாஹ், பேக்கரி போர்டுக்கு எதுக்கு புள்ள இந்தக் கேள்வி?"

போன ஞாயிற்றுக்கிழமை நாகலெட்சுமி வந்தாள். உள்ளே வாங்க என்றால் வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"பிரியந்தி, அது கொழுந்தாவே இருக்கட்டும்மா. எல்லாரும் அப்புடித்தான் சொல்றாங்க. எனக்கும் இப்ப கண்ண மூடுனா கொழுந்துதான் தெரியுது."

அவள் இறங்கிப் போனபிறகு பிரியந்தி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மண் சரிந்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஆறிப்போய் அப்படியே இருந்தது.

நான் சொல்வதை எழுதிக்கொண்டிருக்கிற என் மகள் வழிப் பேத்தி, இந்த இடத்தில் நிறுத்திவிடலாமா பாட்டி என்கிறாள். முடியாது. இதையும் எழுது. பெற்றவளே ஒத்துக்கொண்டாலும் அது கொழுந்து இல்லை. என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது.