பஹ்மி தெளிய வைத்த சாயத் தண்ணீர்

மருதமுனையில் ஒரு கதை பரவியது. சாயம் போடுகிற பஹ்மி புதுப் பவுடர் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறானாம். ஒரு பிடி போட்டால் சாயக் கழிவு இளநீர் மாதிரித் தெளிகிறதாம். கதை பக்கத்து ஊரான பெரியநீலாவணைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அதை அவன் குடித்தும் காட்டிவிட்டான். விசாரித்துப் பார்த்ததில் பாதி உண்மை. குடிக்கவில்லை.

இடுப்பில் கட்டும் சாறன் நெசவுக்கு நூலுக்குச் சாயம் ஏற்றிக் கொடுப்பது பஹ்மியின் தொழில். அவன் கலியாணத்தில் மருதோன்றிகூட நகத்து நீலத்திடம் தோற்றது. சுற்றாடல் விஷயத்தில் அவனுக்கென்று ஒரு கொள்கையும் உண்டு: கண்ணுக்குத் தெரியாவிட்டால் அழுக்கு இல்லை. கழிவை வீட்டு வளவு மூலையில் மணலில் தோண்டிய குழிக்குள் ஊற்றுவான். மணல் குடித்துவிடும். குடித்ததை வேலிக்கு அப்பால் றாஹிலாவின் கிணறு கக்கியது. சோறு நீலமாக வெந்த அன்று, அவள் சுகாதாரப் பரிசோதகரிடம் போய்விட்டாள்.

குழியில் நிறம் கண்டால் பட்டறைக்குப் பூட்டு என்று அவர் சொல்லி அனுப்பினார். பெருநாள் சாறன்களோ நூலுக்காகத் தறியில் காத்துக் கிடந்தன. பஹ்மி யோசித்தான். நீலச் சாயத்தைக் கரைக்கிற ஹைட்ரோஸ் தூள் பட்டறையிலேயே இருந்தது. ஒரு வாளிக் கழிவில் போட்டுப் பார்த்தான்; நீலம் ஓடி ஒளிந்தது. பார்த்து நின்றவர்கள் “மாஷா அல்லாஹ்” என்றபடி செய்தி பரப்பக் கிளம்பினார்கள். அவனும் வாளியை உடனே கவிழ்த்துவிட்டான். கொஞ்சம் பொறுத்திருந்தால் செய்தி வேறாக இருந்திருக்கும்.

மறுநாள் பரிசோதகர் ஜீவராஜ் வந்தார். அதற்குள் குழியில் இரண்டு சட்டி ஹைட்ரோஸ் இறங்கியிருந்தது. அவர் ஒரு கிளாஸில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தார். லேசான மஞ்சள், அவ்வளவுதான்.

“பரவாயில்லையே” என்று மோட்டார் சைக்கிள் பக்கம் திரும்பினார்.

அத்தோடு விட்டிருந்தால் பஹ்மி தப்பியிருப்பான். ஆனால் வீட்டுக்கு வந்த மனிசனை வாய் நனைக்காமல் அனுப்பினால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும்?

“சேர், ஒரு பிளேன்டீயாவது குடிக்காமப் போகேலா. இரிங்க.”

கையிலிருந்த கிளாஸை மேசையில் வைத்துவிட்டு ஜீவராஜ் உட்கார்ந்தார். பிளேன்டீயோடு இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது.

“இன்னொரு துண்டு, சேர். வெக்கப்படாம எடுங்க.”

மூன்றாவது துண்டில் கிளாஸின் மேற்பரப்பில் ஒரு நீல வளையம் பூத்தது. பஹ்மி கண்டான், கிளாஸுக்கு முன்னால் வாழைப்பழச் சீப்பை நகர்த்தினான். வேலியோரம் நின்ற றாஹிலாவும் கண்டாள்.

“சேர், பழத்துக்குப் பின்னால பாருங்க. ஒளிஞ்சவர் வாறார்.”

ஜீவராஜ் கரண்டியால் கிளாஸைக் கலக்கினார், சீனி கரைப்பதுபோல. முழுக் கிளாஸும் நீலமானது.

“சாயம் எங்கயும் போகல்ல, பஹ்மி. தூள் அதிட ஒட்சிசனப் பறிச்சது, காத்து திருப்பிக் குடுத்திட்டு. நூலை நீங்க எப்பிடி நீலமாக்கிற?”

“பச்சை மஞ்சளா வெளிய எடுத்து... காத்தில காயப் போடுற, சேர்.”

“எத்தின வருசமா?”

“வாப்பாட காலத்தில இரிந்து” என்றான் பஹ்மி, மிகத் தாழ்ந்த குரலில்.

“நூலுக்கு ஒரு காத்து, தண்ணிக்கு வேற காத்தா?” என்றாள் றாஹிலா.

பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுச் சாயத்தைச் சேறாக அடியில் படிய வைக்கும் சீமெந்துத் தொட்டி கட்டி, சேற்றை மணலில் கொட்டாமல் மாநகர சபையிடம் ஒப்படைத்தால்தான் திறப்பு. அதுவரை ஊர் பெருநாளுக்குப் பழைய சாறனோடு சமாளிக்க வேண்டும். கிணறு தெளியும் மட்டும் றாஹிலா வீட்டுக்குத் தினமும் இரண்டு குடம் குழாய்த் தண்ணீர் பஹ்மியே சுமக்க வேண்டும் என்றும் முடிவானது.

தொட்டி அரைவாசி எழும்பிவிட்டது. பஹ்மியின் தோளும் பழகிவிட்டது.

“முந்தநாள் ஒரு குடம்தான் வந்த” என்றாள் றாஹிலா நேற்று.

“ஓம் ராத்தா, நாளைக்குச் சேத்துத் தாறன்.”

இன்று காலை வரவேண்டியது மூன்று குடம்; வந்தது இரண்டுதான்.