வெர்லீன் மாற்ற மறுத்த பூட்ஸ்

வெர்லீன் ஸ்டோக்ஸுக்கு ஐம்பத்தாறு வயது. அதில் முப்பத்தொரு வருஷம் வர்ஜீனியாவின் லாயங்களில், குதிரைகளைப் பராமரித்து, அவற்றின் காலடியில் குந்தியே கழிந்தது. தடை தாண்டும் குதிரையின் காலில் காப்பாகக் கட்டும் பூட்ஸ் எது என்பதில் மட்டும் அவள் எவனுக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. முன்னங்காலுக்கு முன்புறம் திறந்த பூட்ஸ். தாண்டி இறங்கும்போது பின்குளம்பு வந்து இடிக்கும் என்பதால் காலின் பின்னாலிருக்கும் நரம்பை மூடியாக வேண்டும். முன்புறம் திறந்திருந்தால்தான் தடையின் கட்டையில் கால் பட்டது குதிரைக்கு உறைக்கும், அடுத்த தடையில் தானே தூக்கும். பின்னங்காலுக்குக் கணுவை மூடும் குட்டை பூட்ஸ் போதும். எதுவானாலும் வாருக்கும் காலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும்.

புது பூட்ஸ் வந்தால் முதலில் தன் முழங்கைக்குக் கீழே கட்டிக்கொண்டு லாயம் முழுவதையும் கூட்டுவாள். கை மரத்துப்போனால் அந்த பூட்ஸ் குதிரையின் பக்கமே போகாது. கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, வீங்கின காலுக்கு ஐஸ் வைப்பது அவர்களா என்ன?

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, லாயத்தின் முதலாளியும் சவாரிக்காரனுமான கர்ட்டிஸ் ஒரு ஜோடி புது பூட்ஸை அவள் கையில் திணித்தான். வெளியே அருமையான தோல். உள்ளே விரலை விட்டுப் பார்த்தால் கெட்டியான முண்டுகள். வாரை இறுக்கினால் அவை சதையில் ஏறும், குதிரை வலி தாங்காமல் பின்னங்காலை உயர வீசும். பார்க்கிறவன் ஆகா, என்ன பாய்ச்சல் என்பான்.

"பட்டர்பீனுக்குப் பின்னங்கால்ல இதைக் கட்டு. மைதானத்துக்குள்ள போறதுக்கு முன்னால வாசல்ல வச்சு மாத்திடு. வாரைக் கடைசி ஓட்டை வரைக்கும் இழு."

"போட்டியில இதெல்லாம் கட்டக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"இன்னைக்கு நடக்கறது சின்னப் போட்டி. காலைப் பாக்க எவன் வரப்போறான்? ஹால்வர்சன் குதிரையை வாங்கலாம்னு வர்றாரு. ஒரு கட்டை விழுந்தாலும் வியாபாரம் போச்சு. வியாபாரம் போனா உன் வேலையும் போச்சு. புரியுதா?"

வெர்லீன் ஒரு பூட்ஸின் வாரைப் பிரித்தாள். கடைசி ஓட்டை வரை இழுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள். பாதி லாயம் கூட்டுவதற்குள் விரல்கள் நீலம் பாரித்தன. அவிழ்த்தபோது கையில் வரிசையாகச் சிவந்த குழிகள். பட்டர்பீன் ஏழு வயதுப் பெண்குதிரை. தாண்டச் சொன்ன எதையும் அது மாட்டேன் என்றதில்லை. அதற்கா இந்தத் தண்டனை?

போட்டி மைதானத்தின் வாசலில் கர்ட்டிஸ் குதிரை மேல் உட்கார்ந்திருந்தான். நாலடி தள்ளி, வேலியோரம் ஹால்வர்சன் காபி குடித்துக்கொண்டிருந்தார். பட்டர்பீனின் பின்னங்காலில் பழைய குட்டை பூட்ஸே இருந்தது.

"மாத்து, சீக்கிரம்."

"மாத்த மாட்டேன்."

"என்னது?"

"காதுல விழலையா? மாத்த மாட்டேன்."

"அம்மா தாயே, மணி அடிக்கப் போறான். விளையாடாத."

"அவ்வளவு ஆசையா இருந்தா நீயே இறங்கிக் கட்டு. சார் பாக்கட்டும்."

ஹால்வர்சன் திரும்பினார். "என்ன தகராறு?"

வெர்லீன் சட்டைக் கையை மேலே தள்ளி, சிவந்த குழிகள் தெரியக் கையை அவர் முன் நீட்டினாள். "ஒண்ணுமில்ல சார். குதிரைக்குன்னு இவரு வாங்கின பூட்ஸ். நான் கொஞ்ச நேரம் போட்டுப் பாத்தேன்."

கர்ட்டிஸின் முகத்தில் ஈயாடவில்லை. மணி அடித்தது. வேறு வழியில்லாமல் குதிரையை உள்ளே விட்டான்.

இரண்டாவது தடையிலேயே முன்னங்கால் பட்டு ஒரு கட்டை விழுந்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒன்பது தடையையும் பட்டர்பீன் காலை மடித்துத் தொடாமல் தாண்டியது. "அப்படிப் போடு!" என்று அவள் வாய்விட்டுக் கத்தினாள். ஹால்வர்சன் கத்தவில்லை. காபிக் கோப்பையைக் குப்பையில் போட்டுவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார்.

வெளியே வந்ததும் கர்ட்டிஸ் குதித்து இறங்கினான். "திருப்திதானே? மூட்டையைக் கட்டு. இன்னையோட சரி."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. குந்தி உட்கார்ந்து நாலு பூட்ஸையும் அவிழ்த்தாள். ஒவ்வொரு காலாக மேலிருந்து கீழே உள்ளங்கையால் தடவினாள். வீக்கமில்லை, ஒரு கீறல்கூட இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"இந்த வயசுல உனக்கு எவன் வேலை குடுப்பான்?" என்றான் கர்ட்டிஸ், போனைக் கையில் எடுத்து. "நான் ஒரு வார்த்தை சொன்னா இந்தப் பக்கத்துல ஒரு லாயமும் உன்னைச் சேத்துக்காது."

"தாராளமா சொல்லு. ஏன் அனுப்பினேன்னு கேப்பாங்கல்ல, அதையும் சேத்துச் சொல்லு. நீ விட்டுட்டா நான் சொல்றேன்."

கர்ட்டிஸின் விரல் போன் மேலேயே நின்றது.

"ம், போடு," என்றாள் வெர்லீன். "நான் இங்கேயேதான் நிக்கிறேன்."