யோகம் பிடித்துப் பார்த்த கட்டி

1. விசாரணை

பிரசவ விடுதியில் பல வருடம் தாதியாக நின்ற என்னைப் பெண்நோயியல் கிளினிக்குக்கு மாற்றியபோது, இனிக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம் என்று நினைத்தேன். பிரசவ விடுதியில் நோயாளி மட்டும்தான் சத்தம் போடுவார். கிளினிக்கில் கூட வந்தவர்கள் போடுவார்கள் என்பது முதல் நாளே விளங்கிவிட்டது.

அன்று கொக்கிளாயிலிருந்து முதல் பஸ்ஸில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். நோயாளி சுகந்தி, முப்பத்தைந்து வயதிருக்கும். கூட வந்தவர் அவளுடைய புருஷனின் தமக்கை யோகம். யோகத்துக்குச் சில வருடங்களுக்கு முன் பைப்ரொயிட் கட்டி என்று கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஊரில் அவர்தான் அந்த விஷயத்தில் ஸ்பெஷலிஸ்ட். எந்தப் பெண்ணுக்கு அடிவயிறு நொந்தாலும் யோகம் கை வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரி.

எங்கள் டொக்டர் சத்தம் போடாத மனிசி. சுகந்தியைக் கதிரையில் இருத்தி விசாரிக்கத் தொடங்கினார்.

“பீரியட்ஸ் எத்தினை நாள் படுது?”

“பத்து நாள் டொக்டர். கட்டி கட்டியாய்ப் படும்,” என்றார் யோகம்.

“அவவுக்கோ, உங்களுக்கோ?”

“எனக்கு அப்பிடித்தான் பட்டது. அவவுக்கும் அப்பிடித்தானே இருக்கும்.”

“களைப்பு இருக்கோ?”

“களைப்பெண்டால் சொல்லி வேலையில்லை. கிணத்தடிக்குப் போய் வர ஏலாது.”

“இது ஆரின்ர களைப்பு?”

யோகம் கொஞ்சம் யோசித்தார். “ரெண்டு பேரின்ரையுந்தான்.”

சுகந்தி வாய் திறந்தது ஒரே ஒரு தடவை. “மிஸ்ஸி, அந்த ஃபானை நிப்பாட்டுவியளோ? குளிருது.”

வெளியே சித்திரை வெயில் எரிந்துகொண்டிருந்தது. வாங்கில் குந்திக் காத்திருந்த மற்றப் பெண்கள் அவளை முறைத்தார்கள். நானும் காது கேளாதவள் மாதிரி நின்றேன். டொக்டர் மட்டும் நிமிர்ந்து அவளுடைய கழுத்தைப் பார்த்தார்.

2. கட்டி போன இடம்

உள்ளறைக் கட்டிலில் படுக்க வைத்துத் தொட்டால், தொப்புளுக்குக் கீழே உண்மையாகவே உருண்டையாக ஒன்று இருந்தது. யோகத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

“இதைத்தான் நான் வீட்டில பிடிச்சுப் பாத்தனான். எடுத்து எறியுங்கோ டொக்டர். வைச்சிருந்து என்ன செய்யிறது?”

“சுகந்தி, கடைசியாய் எப்ப ஒண்டுக்குப் போனீங்கள்?”

அதற்கும் யோகம்தான் பதில். “விடிய, வெளிக்கிட முதல் போனவா. ஸ்கானுக்குச் சலப்பை நிரம்பியிருக்க வேணுமெல்லோ? பஸ்ஸில நான்தான் ஒரு போத்தல் தண்ணி பருக்கினனான். இங்க வந்து போகப் போறன் எண்டவா, நான் விடேல்லை.”

சுகந்தியைக் கழிப்பறைக்கு அனுப்பினோம். அவள் எழும்பி ஓடிய வேகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. திரும்பி வந்து படுத்தபோது வயிற்றில் ஒன்றுமில்லை. யோகம் நம்பாமல் தானும் கை வைத்துத் தேடினார்.

“கட்டி எங்க?”

“கக்கூசுக்குப் போயிட்டுது,” என்றார் டொக்டர், முகம் மாறாமல்.

பிறகு ஸ்கானுக்காகச் சுகந்தியை மறுபடியும் தண்ணீர் குடிக்கச் சொன்னோம். “இப்பதானே விட்டிட்டு வரச் சொன்னனீங்கள்?” என்று யோகம் என்னோடு சண்டைக்கு வந்தார். நியாயமான சண்டைதான். டொக்டர் எனக்குக் கண்ணைக் காட்டினார். போத்தலை நிரப்பிக்கொண்டு வரும்படி யோகத்தை வெளியே அனுப்பினேன். கதவு சாத்தியதும் டொக்டர் கேட்டார்.

“உங்களுக்கு என்ன வேணும் சுகந்தி?”

அவள் கதவை ஒருமுறை பார்த்தாள். “எனக்கு ஒரு பிள்ளை வேணும் டொக்டர். மச்சாளுக்கு மூண்டு பிறந்த பிறகுதான் எடுத்தவை. எனக்கு ஒண்டுமில்லை. கூடப் படுறது உண்மைதான். அதுக்குக் கட்டாயம் கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேணுமோ?”

குரல் கரகரத்தது. அழுகை என்று நினைத்தேன். அந்தக் கரகரப்பும் நோயின் அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் எனக்கு யோகத்தின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

3. ரிப்போர்ட்

ஸ்கானில் கர்ப்பப்பையில் எந்தக் குறையும் இல்லை. இரத்தம் எடுத்து அனுப்பினோம். இரண்டு கிழமை கழித்து ரிப்போர்ட் வந்தது. தைரொயிட் சுரப்பு நன்றாகக் குறைந்திருந்தது. டொக்டர் இரண்டு பேரையும் இருத்திச் சொன்னார்.

“பீரியட்ஸ் கூடப் படுறதுக்குக் காரணம் ஒண்டில்லை. பைப்ரொயிட் எண்டாலும் படும். கர்ப்பப்பைச் சுவர் தடிச்சாலும் படும். உள்ளுக்கை சின்னச் சதை வளந்தாலும் படும். சில வேளை புற்றுநோயாலையும் படும், அதுக்காகத்தான் தேடிப் பாக்கிறது. இவவுக்குத் தைரொயிட். குளிர், களைப்பு, குரல் மாறினது எல்லாம் அதாலதான். ஒபரேசன் வேண்டாம், குளிசை குடிச்சாலே காணும். அளவு சரியாய் வரட்டும், பிள்ளையைப் பற்றிக் கதைப்பம்.”

சுகந்தி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். டொக்டர் மருந்து எழுதிய துண்டை வாங்கிக்கொண்டு மருந்து எடுக்கப் போய்விட்டாள். யோகம் எழும்பவில்லை.

“டொக்டர், அப்ப என்ர கர்ப்பப்பையையும் சும்மாதான் எடுத்தவையோ?”

எனக்கு வந்த சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்கான் எடுத்த நாளிலிருந்து அந்த மனிசி நித்திரை கொள்ளவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“அப்ப ஸ்கான் பாத்தவையோ?” என்று டொக்டர் கேட்டார்.

“ஓம், மூண்டு தரம். எடுத்ததை எங்கட அவருக்கு ஒரு பேசினில வைச்சுக் காட்டினவை. தேங்காய் அளவு எண்டவர். பாத்திட்டு மயங்கி விழுந்து, அவருக்கும் சேலைன் ஏத்தினது.”

டொக்டர் சிரிக்கவில்லை. “அப்ப அது உண்மையான கட்டிதான் அக்கா. உங்களுக்கு எடுக்கத்தான் வேணும். சரியாய்த்தான் செய்திருக்கினம்.”

யோகம் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பினார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இப்போது கிளினிக்கில் நிற்கிற தாதிப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கூட வந்தவர் அதிகம் கதைத்தால் ஏதாவது சாட்டுச் சொல்லி வெளியே அனுப்புங்கள், அப்போதுதான் நோயாளியின் சொல் கேட்கும். ஆனால் வீட்டுக்குப் போக முதல் அவரையும் கூப்பிட்டு இருத்தி, உங்களுக்கு என்ன பயம் என்று கேளுங்கள். யோகம் அன்று வாசற்படியில் நின்று அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், வரிசையில் நின்ற சுகந்தியின் கையிலிருந்து துண்டைப் பறித்து, குளிசையைத் தானே நின்று வாங்கினார்.