நீலப்பூவுக்கு முள்வேலி

செஞ்சி மலைகளில் என்னென்ன செடிகள் வளர்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஒரு சரிவில், அங்கே நான் அதுவரை பார்த்திராத நீலப்பூச்செடி ஒன்று தனியாக நின்றது. பறித்துக் காயவைத்தால்தான் எந்த இனம் என்று உறுதியாகும். காம்பில் கை வைத்தேன், மனம் வரவில்லை. படம் மட்டும் எடுத்துக்கொண்டேன். அதற்குள் ஓர் ஆட்டு மந்தை நெருங்கியது.

"அக்கா, இது ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. ஆடு மேஞ்சிடப் போவுது" என்றேன், மேய்த்துவந்த பெண்ணிடம்.

"அதுக்கு இன்னாம்மா டென்ஷன்?" என்று சிரித்தவர், ஆடுகளை அப்பால் ஓட்டிவிட்டு, முட்கிளைகளை வெட்டி வந்து செடியைச் சுற்றி வேலி கட்டினார்.

அடுத்த மழைக்காலம் முடிந்து நான் போனபோது தூரத்திலிருந்தே கூவினார்: "வாம்மா! உன் செடி புள்ளகுட்டிக்காரி ஆயிட்டா!"

வேலிக்கு வெளியிலும் நீலம் பூத்திருந்தது. நிம்மதியாக ஒன்றைப் பறித்தேன். இந்த வேலையை நான் தனியாகச் செய்வதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன்.